வேஷம் யாரைக் கட்டும்?

மார்ச், ஏப்ரல் பள்ளி விடுமுறையில் யாங்கோனின் ஷ்வேடகோன் பகோடா முற்றம் இளவரசர்களால் நிறைந்துவிடும். எட்டு வயது, பத்து வயது இளவரசர்கள். தலையில் ஜிகினாக் கிரீடம், உடம்பில் பட்டு, கன்னத்தில் ரோஸ் பவுடர், உதட்டில் சாயம். இளவரசனின் கால் தரையில் படலாகாது என்று மாமாவோ சித்தப்பாவோ தோளில் தூக்கி வருவார். பின்னால் ஒருவர் பொன்னிறக் குடை பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக வருவார். சடங்கின் பெயர் ஷின்பியூ. சித்தார்த்தன் அரண்மனையைத் துறந்ததையும், அவன் மகன் ராகுலன் சிறுவனாகவே துறவு பூண்டதையும் ஒவ்வொரு பர்மியப் பௌத்தக் குடும்பமும் தன் வீட்டுப் பையனைக் கொண்டு மறுபடி நடத்திப் பார்க்கிறது. ஊர்வலம் முடிந்ததும் கிரீடம் இறங்கும், தலை மழிக்கப்படும். விழுகிற முடியைப் பெற்றோர் வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்வார்கள். பட்டாடை போய்ச் சீவரம் வரும். சில நாள் மட்டும் துறவியாக இருந்துவிட்டுப் பையன் வீடு திரும்பிவிடுவதும் உண்டு. அதில் குறையொன்றும் இல்லை.

ஆக, பர்மியப் பௌத்த ஆண் அநேகமாக ஒவ்வொருவனும் வாழ்நாளில் ஒரு முறையாவது இன்னொருவனின் வேஷம் கட்டியிருக்கிறான். அதுவும் கழற்றுவதற்காகவே கட்டிய வேஷம்.

இதே நகரத்தில் வேறு வகை இளவரசர்களும் வந்து சேர்ந்தார்கள். 2014இல் ஊரிடூ, டெலினார் என்ற இரு வெளிநாட்டு நிறுவனங்கள் 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு விற்கத் தொடங்கின. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஒரு சிம் கார்டு பணக்காரர்களின் சொத்து. கைபேசி வந்ததும் ஜப்பானிய அனிமே, ஹாலிவுட் சூப்பர் ஹீரோ, விண்வெளிப் போர், மந்திரப் பள்ளி எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. மக்கள் பூங்காவில் நடந்த ஜப்பான்-மியன்மா விழா போன்ற கூட்டங்களில் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரமாகவே உடுத்தி வந்தார்கள். நுரைப் பலகையில் வெட்டிய வாள், நீல நிறப் பொய்முடி, அட்டைக் கவசம். இதற்கு உலகம் முழுவதும் காஸ்பிளே என்றே பெயர்.

இந்தப் பழக்கத்துக்கு வயது குறைவில்லை. முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடியபோது வந்தவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் என்ற இளைஞரும் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் எதிர்காலத்து மனிதர்களாக உடுத்தி வந்தார்கள். எச்.ஜி. வெல்ஸின் கதையை வைத்து 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ படத்தின் சாயலில் இருந்த அந்த உடைகளைத் தைத்தவர் மர்ட்டில். (பெயர் வாங்கியவர் ஆக்கர்மேன். தையல்காரருக்குப் புகழ் கிடைக்காதது எதிர்காலத்திலும் மாறவில்லை.) சென்னைக்கு இந்த அலை ‘காமிக் கான்’ என்ற பெயரில் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம்வரை வந்தது.

இப்படிப்பட்ட கூட்டங்களைப் பார்த்ததும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் தயாராக வந்துவிடுகிறது: ரசிக மோகமே இக்காலத்து மதம். சான்றும் கையிலேயே இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,90,127 பேர் தங்கள் மதம் ‘ஜெடாய்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒளிவாள் ஏந்தும் வீரர்களின் நெறி அது. பெரும்பாலும் குறும்பு. சிலர் மட்டும் நிஜமாகவே அமைப்பு தொடங்கி, மதத் தொண்டு நிறுவனமாக அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தார்கள். 2016 டிசம்பரில் பிரிட்டனின் அறநிலைய ஆணையம் அதை மறுத்துவிட்டது. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் ஊரில் இருக்கிற நமக்கு இந்த விவாதமே கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது. ரசிகனும் பக்தனும் ஒரே சாயலில் இருக்கிறார்கள் என்பது தெரிந்த கதைதான். எங்கே பிரிகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வழக்கமான விடை, பக்தன் நம்புகிறான், ரசிகன் நம்பவில்லை என்பது. யாங்கோனில் கொஞ்ச நாள் இருந்தால் இந்த விடை கையில் நிற்காது.

காரணம் நத் தேவதைகள். பர்மியர்களின் முப்பத்தேழு நத்களில் பலர் ஒரு காலத்தில் மனிதர்கள். அகால மரணம், கொடூர மரணம் அடைந்தவர்கள். நம்மூர் மதுரைவீரனும் காத்தவராயனும் தெய்வமான அதே வழி. பதினோராம் நூற்றாண்டில் பகான் மன்னன் அனவ்ரதா தேரவாத பௌத்தத்தை அரச சமயமாக்கியபோது இந்த வழிபாட்டை ஒழிக்க முடியாமல், இந்திரனாகிய தஜமினைத் தலைவனாக வைத்து முப்பத்தேழாக வரிசைப்படுத்தினான் என்று மரபு சொல்கிறது. வரிசையில் மிகவும் பிரபலமான அண்ணன் தம்பி இருவரின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்கள் தகப்பன் பியாட்டா, கப்பல் உடைந்து பர்மியக் கரையில் ஒதுங்கிய இந்திய முஸ்லிம். அரசனுக்காகப் போப்பா மலைக்கு ஓடிப் பூக்கொண்டு வருவது அவன் வேலை. மலையில் பூவையே உண்டு வாழ்ந்த அரக்கியிடம் மனம் பறிகொடுத்தான், வேலைக்குத் தாமதமானான், கொல்லப்பட்டான். பிள்ளைகள் இருவரும் அரசனின் படையில் வளர்ந்தார்கள். மாண்டலே அருகே தௌங்பியோனில் அரசன் கட்டிய பகோடாவில் ஆளுக்கொரு செங்கல் வைக்கத் தவறினார்கள் என்று அவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டு செங்கல்களின் இடத்தை இன்றும் காலியாகக் காட்டுகிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் வாக்கில் அங்கே பெருந்திருவிழா. தகப்பன் முஸ்லிம் என்பதால் பிள்ளைகளுக்குப் பன்றிக்கறி ஆகாது. திருவிழாவுக்குப் போகிற பௌத்தர்களும் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

நத் கூத்துக்காக யாங்கோன்காரர் தௌங்பியோன்வரை போக வேண்டியதில்லை. தெருவில் மூங்கில் பந்தல் எழும், சைங் வைங் மேளக்குழு வட்டமாக உட்காரும், நத் கடோ வந்து ஆடுவார். நத் கடோ என்பவர் நத்துக்குச் சடங்குப்படி மனைவியானவர். பெண்களும் உண்டு. இன்று பெயர் பெற்றவர்களில் பலர் ஆணாய்ப் பிறந்து பெண் நடை கொண்டவர்கள். ஒரு நத்துக்கு ஓர் உடை. போப்பா மலை அம்மா வரும்போது அரக்கி முகம் பொருத்திய தலையணி, கையில் மயில்தோகை. கோ ஜீ ச்சோ என்ற குடிகார நத் வரும்போது விஸ்கிக் குப்பி திறக்கும், சேவல் சண்டை அபிநயம் வரும், கூட்டம் சிரித்துக்கொண்டே பணத்தாள் செருகும். நம் முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

இப்போது கேட்டுப் பாருங்கள்: அந்தக் கூட்டம் நம்புகிறதா? படித்த பௌத்தர் ஒருவர், நத்தால் நிர்வாணம் கிடைக்காது, அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்பார். இன்னொருவர் சிரித்து மழுப்புவார். வியாபாரம் நன்றாக நடக்க வேண்டுமே என்பார் மூன்றாமவர். மூவர் வீட்டு மூலையிலும் நத்துக்காகச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்கும். எந்த நத்தும் ரொம்பப் பழையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆற்றங்கரையிலுள்ள போட்டதாங் பகோடாவில் மியா நான் நுவே என்ற நாகதேவதைக்குச் சன்னிதி இருக்கிறது. அவர் ரத்தமும் சதையுமாக வாழ்ந்த பெண். 1943இல் குண்டு விழுந்து தகர்ந்த பகோடாவை மீண்டும் எழுப்ப உதவியவராகச் சொல்லப்படுகிறார். இறந்தது 1957. அவர் காலத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவர் சிலைக்குப் பாலும் பூவும் வைக்கிறார்கள்.

நம்பிக்கை என்பதை ஆமா, இல்லையா என்று பதில் சொல்லும் கேள்வியாக வைத்தால் இங்கே ஒருவரும் தேற மாட்டார்கள். வேறு கேள்வி வேண்டும். வேஷம் முடிந்த பிறகு யாருக்குக் கடன் மிஞ்சுகிறது?

நத் கடோவுக்கு மிஞ்சுகிறது. கட்டிய கணவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆடாத ஆண்டில் நோய் வரும், நஷ்டம் வரும் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவிலும் இதே கணக்குத்தான். நோய் தீர்ந்தால் வேஷம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். காளி, அனுமன், ராஜா, குறத்தி, கரடி, போலீஸ், பிச்சைக்காரன். வேஷத்தில் உயர்வு தாழ்வு பார்ப்பதில்லை. காளி வேஷக்காரர் மட்டும் நீண்ட விரதம் இருந்து, சடையும் கோரைப்பல்லும் தரிப்பார். வேஷத்தோடு ஊர் ஊராய்ப் போய்க் காணிக்கை பெற்று அம்மன் உண்டியலில் சேர்க்க வேண்டும். கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்தால்தான் கடன் தீரும். அங்கே பக்கத்தில் நிற்கிற போலீஸ் வேஷக்காரரின் உடை காஸ்பிளே மேடையில் அப்படியே செல்லும். ஆனால் அவர் போட்டிருப்பது பிடித்த உடையை அல்ல, பட்ட கடனை.

இதை வைத்துப் பார்த்தால் நுரைவாள் ஏந்திய இளைஞன் சுதந்திரமானவன். ஞாயிறு மாலை பொய்முடியைக் கழற்றிப் பையில் திணித்துப் பஸ் ஏறினால் ஒருவரும் அவனிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. அவனுக்கும் பக்தனுக்கும் வேறுபாடு அவன் நம்பாததில் இல்லை, அவன் பாக்கி வைக்காததில் இருக்கிறது.

இப்படிப் பாக்கியில்லாமல் இன்பம் காண்பது சரியா என்று புத்தரிடமே கேட்டார்கள். கேட்டவன் தாலபுடன் என்ற நாடகக்குழுத் தலைவன். உண்மையும் பொய்யும் கலந்து ஆடி மக்களை மகிழ்விக்கும் நடிகன் செத்த பிறகு சிரிக்கும் தேவர்களிடையே பிறப்பான் என்று எங்கள் முன்னோர் சொல்கிறார்களே, உங்கள் கருத்தென்ன என்றான். வேண்டாம், இதைக் கேட்காதே என்று புத்தர் இரண்டு முறை தட்டிக் கழித்தார். மூன்றாம் முறை பதில் வந்தது: சிரிப்பு என்று பெயருள்ள நரகம் ஒன்று இருக்கிறது, அங்கே பிறப்பான். தாலபுடன் அழுதான். நரகத்துக்குப் பயந்து அழவில்லையாம்; இத்தனை காலம் பழைய நடிகர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று அழுதானாம். பிறகு துறவியாகி, தேரகாதையில் தன் மனத்தையே எதிரில் நிறுத்தி வாதாடும் நீண்ட பாட்டைப் பாடியவனும் அவன்தான்.

சம்யுத்த நிகாயத்தில் உள்ள இந்த உரையாடலைப் பலர் கலைக்கு எதிரான தீர்ப்பாகவே படிக்கிறார்கள். கொஞ்சம் நின்று படித்தால், புத்தர் குறை சொல்வது பொய்யை அல்ல என்பது தெரியும். ஆசையும் வெறுப்பும் மயக்கமும் ஏற்கெனவே உள்ள கூட்டத்துக்கு அவற்றையே இன்னும் கூட்டிக் கொடுக்கிறான், தானும் மயங்கிப் பிறரையும் மயக்குகிறான் என்பதுதான் குற்றச்சாட்டு. விரத நாள்களில் எட்டு சீலம் காக்கும் பர்மிய இல்லறத்தார் ஆடல் பாடல் கேளிக்கையைத் தவிர்ப்பதும் இந்த வழியில்தான். அதே மக்கள் பகோடாத் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பதும் உண்மை. நத் கூத்தே புத்தருக்கு வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. தாலபுடனுக்குச் சொன்ன பதிலை அவர்கள் மறந்துவிடவில்லை; தள்ளி வைத்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பௌத்தம் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் தொட்டது. நாடகக் கணிகை மாதவியின் மகள் மணிமேகலை மேடையை விட்டுத் துறவுக்கு வந்தவள். மணிமேகலா தெய்வம் அவளுக்குத் தந்த மந்திரங்களில் ஒன்று வேற்றுருவம் எடுப்பது, இன்னொன்று வானில் பறப்பது. இன்றைய மாயப் புனைவு ரசிகர்கள் இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். தன்னை விரும்பித் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அவளைத் தன் மனைவி காயசண்டிகை என்றே எண்ணிய காஞ்சனன், பின்னால் வந்த உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். வேஷம் போட்டவள் நல்லவள், நோக்கமும் நல்லது. ஆனாலும் ஓர் உயிர் போயிற்று. சிறைக்கும் அவளே போனாள்.

இதற்கு நேர் எதிர் முனையில் நிற்கிறார் மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூரிலிருந்து ஆண்ட சிற்றரசர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துச் சிவனடியாராய் அரண்மனைக்குள் வந்தான். அந்தரங்கமாய் ஆகமம் சொல்வதாகக் கூறி அரசர் தனித்துத் தாழ்ந்து உட்கார்ந்ததும் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் பாய்ந்தான். உயிர் போய்க்கொண்டிருந்த அரசர் அவனைத் தடுத்து, இந்த வேடத்தாரை எவரும் தீண்டாமல் ஊர் எல்லை கடத்திவிட்டு வா என்றார். தத்தன் கடத்திவிட்டு வந்து சொன்ன பிறகே கண்ணை மூடினார். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையை இன்றைய வாசகர் முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடக்கூடும். சேக்கிழாரின் நாயனாருக்கு முத்தநாதனின் மனசு எப்படிப்பட்டது என்பது தெரியாமலில்லை. கத்தி உடம்புக்குள் இருக்கிறது. அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? வேஷம் போட்டவனை அது ஒரு நூலளவும் கட்டவில்லை. பார்த்தவரைச் சாகும்வரை கட்டியது.

நம் கேள்வியில் இதுவரை விட்டுப்போனது இதுதான். வேஷத்தின் கடன் வேஷம் போட்டவர் தலையிலேயே விழும் என்று எந்த நியதியும் இல்லை.

மியன்மாவில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாளில் மருத்துவமனை ஊழியர்கள் வேலை நிறுத்தம் தொடங்கி, மூன்று விரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நடு விரல்கள் மூன்றும் சேர்ந்து நிற்க, கட்டைவிரல் சுண்டுவிரலை மடக்கிப் பிடித்திருக்கும் அந்தச் சைகை எந்தச் சாத்திரத்திலும் இல்லை. சூசன் காலின்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இளையோருக்காக 2008இல் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்ற எதிர்காலக் கற்பனை நாவலில் வருவது. கதையில் அது நன்றிக்கும் பிரிவுக்குமான பழைய சைகை, சாவு வீட்டில் காட்டுவது. தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மாணவர்கள் அதைக் கையில் எடுத்து, பிடிபட்டார்கள். அங்கிருந்து பர்மாவுக்கு வந்தது. இரண்டாம் வாரத்தில் யாங்கோன் தெருக்களில் சூப்பர் ஹீரோக்கள், பேய்கள், அரண்மனை கவுன் அணிந்த இளவரசிகள், அனிமே நாயகிகள் எல்லாரும் பதாகையோடு நின்றார்கள். பூங்கா விழாவில் கண்ட வேஷங்கள்தாம். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மியன்மாவின் தூதர் ச்சோ மோ துன், ராணுவ ஆட்சிக்கு எதிராகப் பேசி முடித்து அதே மூன்று விரலை உயர்த்தினார்.

காலின்ஸின் இந்தத் தொடரின் இரண்டாவது நாவலில் ஒரு முதியவர் சீழ்க்கையடிக்க, கூட்டமே இந்தச் சைகையைக் காட்டுகிறது; அந்த முதியவர் அங்கேயே சுடப்படுகிறார். அந்த நாவலைப் படித்தவர்கள் யாங்கோன் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். படிக்காதவர்கள் அதைவிட அதிகம் இருந்திருப்பார்கள். சுடுகிறவர்கள் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கற்பனை என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு சைகை, கைது செய்யப் போதுமான உண்மையாகிவிட்டது. ஞாயிறு மாலை கழற்றிப் பையில் திணிக்க முடிகிற ஒன்று அல்ல இப்போது அது.

வேஷம் இல்லாமலே வேஷத்தின் வேலையைச் செய்த ஒரு துணியும் அந்த மாதங்களில் வெளியே வந்தது. பெண்கள் இடுப்பில் கட்டும் கைலியான தமெய்னுக்கு அடியில் நடந்தால் ஆணின் பிறவி மகிமை போய்விடும் என்பது பர்மியரின் பழைய நம்பிக்கை. வீட்டில் கொடி கட்டும்போதுகூடப் பெண்கள் துணியைத் தாழ்வாகப் போடச் சொல்வார்கள். யாங்கோனின் வட்டாரப் பெண்கள் தெருவுக்குக் குறுக்கே உயரமாகக் கயிறு கட்டி வரிசையாகத் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் அடியில் நுழையத் தயங்கி, முதலில் துணியை இறக்கிவிட்டு அப்புறம் நடந்த காட்சிகள் படமாகியிருக்கின்றன. கயிறு கட்டிய இளம்பெண்களில் எத்தனை பேர் அந்த மகிமையை நம்பினார்கள்? பலர் அதைப் பெண்ணைத் தாழ்த்தும் மூடநம்பிக்கை என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். எதிரி நம்பினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. முத்தநாதன் நீறு பூசியபோது போட்ட கணக்கும் ஏறக்குறைய இதுதான் என்பதைச் சங்கடத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: அவன் நம்பிக்கையைக் கத்திக்கு உறையாக்கினான், இவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் திரையாக்கினார்கள்.

அதற்குள் இன்னொரு சண்டையும் கிளம்பியது. எதிரியின் மூடநம்பிக்கையைப் பயன்படுத்தினால் அது மேலும் உறுதிப்படாதா என்று பெண்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். உலக மகளிர் தினமான மார்ச் 8 அன்று தமெய்ன்கள் கொடிகளாகக் கம்பில் ஏறின. ஊர்வலத்தில் பல ஆண்கள், ஷின்பியூ நாளில் தாய் தகப்பன் கிரீடம் வைத்த அதே தலையில், அக்கா தங்கையின் தமெய்னைத் தலைப்பாகையாய்ச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.